எனக்காக நிறுத்தாதீக

"மழை பெய்யுதான்னு கேட்டாரு."

"யாரு?"

"இன்ஸ்பெக்டரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"இல்லைன்னேன்."

"ம்."

"அப்ப எதுக்கு வைப்பர் ஓடுதுன்னு கேட்டாரு."

சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த நாகஜோதி கையை நிறுத்திவிட்டுப் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். ஜூன் மாதம். மஸ்கட்டின் ரூவியில் பூனைகூட ஒரு கார் நிழலிலிருந்து இன்னொரு கார் நிழலுக்கு ஓடி ஓடித்தான் தெருவைக் கடக்கும். மேகம் என்று ஒன்று கடைசியாக எப்போது வந்து போனது என்று கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட வெயிலில், டிரைவிங் டெஸ்ட் எடுக்கிற போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு, பாண்டித்துரை வைப்பர் போட்டிருக்கிறார்.

"எத்தனை தடவை போட்டீக?"

"திரும்புறப்ப எல்லாம்."

"எத்தனை தடவை திரும்புனீக?"

"அத ஏன் கேக்குற. இந்த ஊர்ல ரவுண்டானாவுக்கா பஞ்சம்?"

சிரிக்கக் கூடாத நேரம் என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"சிரி, நல்லா சிரி. கியர் போடலாம்னு இடது கைய நீட்டுனா கதவுதான் இருக்கு. அதுல எதையோ அமுக்கிட்டேன், கண்ணாடி கீழ போயிருச்சு. உள்ள அனலு. 'ஏன் பாய், உனக்கு ஏசி ஆகாதா'ங்குறாரு அந்த மனுசன்."

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாண்டித்துரையும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சிரித்தார்.

அவர் ஒன்றும் வண்டி ஓட்டத் தெரியாத ஆள் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து ராஜபாளையம் போகிற தனியார் பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். டிரம்களை நட்டு வைத்து, அவற்றுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியை நுழைக்கச் சொல்வார்களே, அந்தப் பரீட்சை இங்கே பலருக்குக் கண்ணில் தண்ணீர் வரவழைப்பது. பூக்கடையும் இளநீர் வண்டியும் ஆட்டோக்களும் அடைத்துக்கொண்டு நிற்கிற பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துப் பழகியவருக்கு டிரம் எல்லாம் ஒரு பொருட்டா? முதல் தடவையே முடித்துக் காட்டினார். மேட்டில் நிறுத்தி எடுப்பதும் ஆயிற்று. ரோட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கூத்து. ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். இண்டிகேட்டர் தண்டு வலது கைக்கு, கியர் இடது கைக்கு. இங்கே எல்லாமே கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி இடம் மாறிக் கிடக்கிறது. இண்டிகேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பர் உட்கார்ந்திருக்கிறது.

மெஸ் முதலாளி ஆரிப் உள்ளே வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். நல்ல மனிதர், முதுகுவலிக்காரர். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் பேசுவார்.

"என்னண்ணே, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பாய். ஃபெயிலு."

ஆரிப் அரிசி மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்களும் கேளுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கிட்ட டிரைவர் விசா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அண்ணனுக்காகத்தான் அத வாங்கினேன். அதுவரைக்கும் சாப்பாட்டு வேன நானே ஓட்டிக்கலாம்னு பாத்தா முதுகு விடமாட்டேங்குது. பகல் சாப்பாடு சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்குத்தான் போய்ச் சேருது. அல் குவைர் ஆபீஸ்காரன் நேத்து போன் பண்ணி, 'பாய், இது லஞ்சா டின்னரா, தெரிஞ்சா அதுக்குத் தக்க பசிப்பேன்'கிறான்."

"அடுத்த தடவை வாங்கிருவாக பாய்," என்றாள் நாகஜோதி.

"வாங்கட்டும், வாங்கணும். ஆகஸ்ட் முடிய பாப்போம். அதுக்குள்ள லைசன்ஸ் வரலன்னா, லைசன்ஸக் கையில வச்சுக்கிட்டு ஒரு மலபாரி தயாரா நிக்கிறாரு. அண்ணனை ஊருக்கு அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி தெரியலக்கா."

அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து பாண்டித்துரை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கடைசி பஸ்ஸுக்குத் திரும்புகிறவராகவே இருந்தார். பிறகு நாகஜோதி சமையல் வேலைக்கு இங்கே வந்துவிட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்து, கடனெல்லாம் ஓய்ந்து, ஆரிப் பாய் தயவில் அவரும் வந்து சேர்ந்து இப்போதுதான் நாலு மாதம். காலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கிற சுகத்தை அவள் இந்த வயதில்தான் கண்டுபிடித்திருந்தாள். அவர் உறிஞ்சும்போது சத்தம் வரும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. மெஸ்ஸுக்கு மேலே இருக்கிற அந்த ஒற்றை ரூமில் அவள் சில நாள் காரணமே இல்லாமல் பாடுகிறாள் என்று கீழே வேலை செய்கிறவர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா, அங்கிள் மேல தப்பே இல்ல."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது ஆரிப்பின் மகள் ஃபஸ்னா. பிறந்து வளர்ந்தது மஸ்கட், பிசியோதெரபி படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் தமிழும் இங்கிலீஷும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும்.

"தப்பு இல்லாமலா வைப்பர் ஓடிச்சு?" என்றார் ஆரிப்.

"அவரோட ப்ரெயின் டூ குட், வாப்பா. இருபது வருஷமா 'திரும்பணும்'னு நெனச்ச உடனே வலது கை போயிருக்கு. அந்த நெனப்புக்கு ஒரு கூட்டம் செல்ஸ், அந்தக் கைக்கு ஒரு கூட்டம் செல்ஸ். ரெண்டும் சேந்து சேந்து வேலை செஞ்சா நடுவுல இருக்கிற கனெக்‌ஷன் ஸ்ட்ராங் ஆயிடும். இப்ப அங்கிள் யோசிக்கறதுக்கு முன்னாடியே கை போயிடுது."

"நான் உப்புப் போடுற மாதிரி," என்றாள் நாகஜோதி.

"எக்ஸாக்ட்லி ஆன்ட்டி! நீங்க அளந்தா போடறீங்க?"

"அளந்தா கூடிப்போகும்."

பாண்டித்துரை கவலையோடு தலையைத் தடவிக்கொண்டார். "ஏம்மா, அந்தக் கனெக்‌ஷன அறுத்து விட முடியாதா?"

"அறுக்கவெல்லாம் முடியாது அங்கிள். பழசு அங்கேயேதான் இருக்கும். டென்ஷன் ஆனா அதுதான் முதல்ல ஓடி வரும். நாம பக்கத்துல புதுசா ஒண்ணு போட்டு, பழசவிட ஸ்ட்ராங்கா ஆக்கணும். கொஞ்சம் செய்யணும், தூங்கணும். மறுபடி செய்யணும், தூங்கணும். தூங்கறப்பதான் ப்ரெயின் அத உள்ள கெட்டிப்படுத்தும்."

"தூங்குறதுக்கு நானாச்சு," என்றார் பாண்டித்துரை. முகத்தில் முதல்முறையாக நம்பிக்கை தெரிந்தது.

"அப்புறம், தப்புப் பண்ணா அந்த செகண்டே தெரியணும். அப்புறமா சொல்றது வேஸ்ட். ப்ரெயின் திடுக்குன்னு ஆகணும். 'அட, நாம நெனச்சது நடக்கலியே'ன்னு அது முழிக்கிற நேரத்துலதான் புதுசா கத்துக்கும்."

"திடுக்குன்னா போதுமா?" என்று கேட்டாள் நாகஜோதி. அவள் கண் ஃப்ரிட்ஜ் பக்கம் போயிருந்தது.

மறுநாள் பகல் சாப்பாடு போன பிறகு மெஸ் அடுக்களைக்குள் ஒரு வண்டி தயாரானது. பிளாஸ்டிக் நாற்காலி சீட்டு. ஸ்டியரிங்குக்குப் பிரியாணி அண்டாவின் மூடி. வலது பக்கம் அரிசி டிரம்மில் குத்திவைத்த நீளக் கரண்டி கியர். எதிரே ஒரு ஸ்டூலில் இரண்டு தோசைத் திருப்பிகளை டேப் போட்டு ஒட்டி, இடது பக்கத்தது இண்டிகேட்டர், வலது பக்கத்தது வைப்பர் என்று வைத்தாயிற்று. பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் நாகஜோதி இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தாள். மடியில் ஒரு செம்பு.

"யல்லா, எடுங்க வண்டிய."

"எடுத்தாச்சு."

"நேரா போங்க. ரவுண்டானா வருது. வலது பக்கம் திரும்புங்க."

அவர் கை வலது தோசைத் திருப்பியைத் தட்டியது. அடுத்த நொடி செம்புத் தண்ணீர் பளீரென்று முகத்தில் விழுந்தது.

"அடியேய்! என்னடி இது?"

"வைப்பர் போட்டீகல்ல? மழை!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த விஜயபாஸ்கர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அக்கா, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நான் சரியா பாக்கல."

"பாக்க என்ன இருக்கு, இந்தா வருது ரவுண்டானா. திரும்புங்க!"

பளீர்.

இரண்டு நாள், மூன்று நாள் என்று மழை பெய்துகொண்டே இருந்தது. பாண்டித்துரையிடம் முன்னேற்றம் தெரியவில்லை. சொல்லப்போனால் தப்பு கூடிக்கொண்டே போனது. ரவுண்டானா வருவதற்கு முன்பே வைப்பரைத் தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணை மூடி, முகத்தை லேசாக நிமிர்த்திக் காட்டினார்.

ஃபஸ்னா வந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அது என்ன தண்ணி?"

"ஃப்ரிட்ஜ் தண்ணிதான். வெயிலா இருக்கேன்னு..."

"போச்சு! இந்த ஹீட்ல சில்லுன்னு தண்ணி ஊத்தினா அது பனிஷ்மென்ட்டா? பிரைஸ்! வைப்பர் போட்டா பிரைஸ்னு அவர் ப்ரெயினுக்கு நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்க!"

நாகஜோதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மீசையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

அன்று முதல் குழாய்த் தண்ணீர். ரூவியில் கோடை காலத்தில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்தது வரும். கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொள்வார். அதில் ஒரு செம்பு முகத்தில் விழுந்ததும் பாண்டித்துரை நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "ஏ, வேக வச்சிராத என்னைய!"

"வைப்பரத் தொடாதீக, வேக மாட்டீக."

கை பயப்பட ஆரம்பித்தது. முதலில் வலது கை பாதி வழி போய் நின்றது. பிறகு விரல் மட்டும் துடித்தது. பிறகு ஒரு நாள், பேச்சுவாக்கில், அவள் "திரும்புங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இடது கை அதுபாட்டுக்குப் போய் இண்டிகேட்டரைத் தட்டிவிட்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள், யார் வீட்டுக் கை என்பது போல.

"நானா தட்டுனேன்?"

"நீங்கதான் தட்டுனீக!"

"நான் நெனைக்கவே இல்லையேடி!"

அதற்கடுத்த நாள் விடியலில் அவர் தூக்கத்தில் புரண்டு படுத்தபோது, புரள்வதற்கு முன் இடது கை எழும்பி அந்தரத்தில் ஒரு தட்டுத் தட்டியதை நாகஜோதி கண்ணால் பார்த்தாள். தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கட்டில் குலுங்கி அவர் விழித்துக்கொண்டு, "என்ன, பூகம்பமா?" என்றார்.

இரண்டாவது டெஸ்ட் ஜூலையில் வந்தது. அன்றைக்கு ரசத்தில் உப்புக் கூடிவிட்டது; இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மனசு ரோட்டில் இருந்தால் கை என்ன செய்யும்? பதினோரு மணிக்கு அவர் திரும்பி வந்தார். ஓரமாகப் போய் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வைப்பர் போட்டீகளா?"

"தொடல."

"கியரு?"

"வலது கை. எல்லாம் சரி. இன்ஸ்பெக்டரே 'அச்சா, அச்சா'ன்னாரு."

"பின்ன என்ன?"

"நின்னுட்டேன்."

"எங்க?"

"பஸ் ஸ்டாப்புல."

ஃபஸ்னாவும் ஆரிப்பும் பக்கத்தில் வந்து நின்றார்கள். விஜயபாஸ்கர் கத்தியை வைத்துவிட்டு வந்தான்.

"எதுக்கு நின்னீக?"

"ஆளுக நின்னாகல்ல! நாலஞ்சு பேரு. கையில பையி. அதுல ஒருத்தன் ரோட்டையே எட்டி எட்டிப் பாக்குறான், கைய வேற நீட்டுறான். காலு அதுபாட்டுக்கு பிரேக்க மிதிச்சிருச்சு நாகு."

"சரி, மிதிச்சா என்ன? சட்டுன்னு எடுத்துட்டுப் போக வேண்டியதுதான?"

"எடுக்கல."

"ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார். "விசில் வரல."

"என்னது?"

"கண்டக்டர் ரெண்டு விசில் குடுத்தாத்தான வண்டிய எடுக்கணும்? உக்காந்தே இருந்தேன். இன்ஸ்பெக்டரு என்னையப் பாக்குறாரு. நான் கண்ணாடியில பின்னால பாக்குறேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள?"

"பின்கதவத் திறந்து ஒருத்தன் ஏறிட்டான்."

ஆரிப் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஏறிட்டானா?"

"ஷேர் டாக்ஸின்னு நெனச்சிட்டான் பாய். 'சீப் ஜாயேகா?'ன்னு, சீப் ஊருக்கு வண்டி போகுமான்னு கேக்குறான். இன்ஸ்பெக்டரு திரும்பிப் பாத்து 'மாஃபி சீப்!', சீப்புக்கெல்லாம் போகாதுன்னாரு. யூனிஃபார்மப் பாத்ததும் அவன் ஒத்தச் செருப்ப உள்ள விட்டுட்டு இறங்கி ஓடுறான். அதோட முடிஞ்சுதா? இன்ஸ்பெக்டரு செருப்பக் கையில எடுத்துக்கிட்டு அவனத் தேடுறாரு."

நாகஜோதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆரிப்புக்குச் சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃபெயில் என்று எழுதும்போது இன்ஸ்பெக்டருக்கே கை நடுங்கிற்றாம், அவ்வளவு சிரிப்பு.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு ஆரிப்தான் முதலில் பேசினார். "அடுத்த தேதி ஆகஸ்ட் கடைசி. அதுதாண்ணே. அதோட சரி."

ஃபஸ்னா நகத்தைக் கடித்தாள்.

"என் மிஸ்டேக்தான்," என்றாள். "கைய மாத்தினோம், காலை மறந்துட்டோம். பெடல் எல்லா ஊர்லயும் ஒரே இடத்துலதான இருக்கு? அதனால காலுக்கு இது வேற ஊருன்னே தெரியல. அது இன்னும் பஸ்தான் ஓட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப காலுக்கும் தண்ணி ஊத்தணுமா?" என்றார் பாண்டித்துரை பயந்துபோய்.

"இல்ல அங்கிள். ஆளுங்க நிக்கணும். நீங்க நிக்காம போகணும். போய்க்கிட்டே இருக்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாலையில் கற்றுக்கொடுக்கிற ஓமானி உஸ்தாத்தின் கார் வரும். அதற்கு முன்பே மெஸ் ஆட்கள் பைகளோடு போய், ரோட்டில் ஆளுக்கொரு ஸ்டாப்பில் நின்றுகொள்வார்கள். விஜயபாஸ்கர் முட்டைக்கோஸ் மூட்டையோடு நின்றான். கை நீட்டினான், கும்பிட்டான், மயங்கி விழுகிற மாதிரி நடித்தான். முதல் நாள் பாண்டித்துரை அவனுக்கு நின்றார். இரண்டாம் நாள் வேகத்தைக் குறைத்து அவனைத் திட்டிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் திட்டுவதும் போயிற்று. ஒவ்வொரு ஸ்டாப்பையும் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஃபஸ்னா கைதட்டி, ஒரு துண்டு பாதாம் அல்வாவை முன்னால் நீட்டுவாள். பழைய தப்பிலிருந்து அவளும் ஒன்று கற்றுக்கொண்டிருந்தாள்: பிரைஸ் சரியான இடத்தில் கொடுக்க வேண்டும்.

எல்லா ஸ்டாப்பும் தேறிவிட்டது, ஒன்றைத் தவிர. நாகஜோதி நின்ற ஸ்டாப்.

அவள் கை நீட்டக்கூட வேண்டியதில்லை. தூரத்தில் சேலை தெரிந்தால் போதும், கார் தானாக ஒதுங்கி, பூ மாதிரி வந்து அவள் காலடியில் நிற்கும். உஸ்தாத் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

"பாய், யே கோன் ஹை?" யார் இது என்று இந்தியில் கேட்பார்.

"மேரா பீவி, உஸ்தாத்."

"பீவி கோ சோடோ! யல்லா, யல்லா!" பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கிளம்பு என்பார்.

நாகஜோதி குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டாள். "எதுக்கு நின்னீக?"

"நீ நின்ன."

"எனக்காக நிறுத்தாதீக."

"பந்தல்குடி விலக்குல, ஸ்டாப்பே இல்லாத எடத்துல நீ நின்னாக்கூட நிறுத்துவேனே. பஸ்ஸே சத்தம் போடும். ஒரு நாளாவது உன்னைய விட்டுட்டுப் போயிருக்கேனா?"

அவள் முந்தானையால் கண்ணோரத்தைத் துடைத்தாள். அதைக் காட்டிக்கொள்ளாமல் குரலை உயர்த்தினாள். "இந்தாங்க, இங்க பாருங்க. எனக்காக நிறுத்துனா நீங்க அருப்புக்கோட்டையில, நான் ரூவியில. நிறுத்தாம போனீகன்னா ரெண்டு பேரும் ஒரே எடத்துல. புரியுதா?"

"எனக்குப் புரியுது. காலுக்குப் புரியல."

"காலுக்குப் புரியிற வரைக்கும் நான் நிக்கிறேன். போங்க. சுத்திட்டு வாங்க."

சுற்றிக்கொண்டு வந்தார். நின்றார். போகச் சொன்னாள். மறுபடி வந்தார். அந்த மாதம் முழுக்க நாகஜோதி அந்த ஸ்டாப்பில் வியர்வை ஊற்ற நின்றாள். அந்த வழியாகப் போகிற சிவப்பு பஸ் டிரைவர்கள் எல்லாரும் அவளுக்காக நிறுத்தி, அவள் ஏறாததைக் கண்டு கோபித்து, கடைசியில் பழகிப்போய் ஹாரன் அடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவர்கள் கால்களும் கற்றுக்கொண்டன. பாண்டித்துரையின் கால் மட்டும் இடறியது. ஒரு நாள் போனார், மறுநாள் நின்றார். போன நாளில் அவள் ரோட்டோரம் குதித்தாள். நின்ற நாளில் சாப்பிடவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. 'நீங்க வர வேண்டாம் ஆன்ட்டி, உங்களப் பாத்தா அவரு டென்ஷன் ஆவாரு' என்று ஃபஸ்னா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாகஜோதியும் சரி சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் சாம்பார் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கரண்டியை விஜயபாஸ்கர் கையில் திணித்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"மல்லித்தழை வாங்க."

"மல்லித்தழை இருக்கே?"

"இன்னும் கொஞ்சம்."

டாக்ஸி பிடித்து, டெஸ்ட் வண்டிகள் வழக்கமாகப் போகிற பெரிய ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளியே இறங்கிக்கொண்டாள். தூரத்திலிருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான் எண்ணம். சொன்ன பேச்சுக்கு நிஜமாகவே மல்லித்தழையும் இரண்டு பை காயும் வாங்கினாள். வெயில் தாங்காமல் ஒரு பஸ் ஸ்டாப்பின் நிழலில் ஒதுங்கினாள். அங்கே மூன்று நாலு பேர் பைகளோடு நின்றிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அன்றைக்குப் பார்த்து வேறு வழி போகச் சொல்வார் என்று யார் கண்டது?

முக்கில் திரும்பி வருகிற வெள்ளைக் காரின் மேலே பயிற்சி வண்டிப் பலகையைக் கண்டாள். இடது இண்டிகேட்டர் அழகாக மின்னி அணைந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த மீசை அவளுக்கு நன்றாகத் தெரிந்த மீசை.

ஓடலாம் என்றால் கால் வரவில்லை. திரும்பி நிற்கலாம் என்றால், முதுகைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடுகிற ஆள் அவர். நிழற்குடைக் கம்பத்துக்குப் பின்னால் ஒளியலாம் என்றால் கம்பம் விரல் தண்டி இருக்கிறது. இரண்டு கையிலும் பையோடு, வாயைத் திறந்தபடி, ஊரில் எந்த டிரைவரும் நிறுத்தியே தீருகிற கோலத்தில் நின்றாள்.

கார் மெதுவானது.

"ஐயோ," என்றாள். "போங்க. போங்க. நிக்காதீக. சாமி, மாரியாத்தா, அந்தக் காலக் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

இன்னும் மெதுவானது. முன்னால் வேகத்தடை இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். கார் அதன் மேல் ஏறி இறங்கியது. இறங்கி, கியர் மாறுகிற சத்தம் கேட்டது. அவளுக்குக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கார், உள்ளே இன்ஸ்பெக்டரைத் தாண்டி அவர் முகம் நேராக ரோட்டைப் பார்த்தபடி, ஒரு மயிரிழைகூடத் திரும்பாமல், சர்ரென்று கடந்து போயிற்று.

போயே போய்விட்டது.

நாகஜோதி பைகளைக் கீழே போட்டாள். மல்லித்தழைக் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பக்கத்தில் நின்ற மலையாளி பதறிப்போய், "சேச்சி, பஸ் போயோ?" என்றார்.

"போயிருச்சு!" என்றாள் அவள், கண்ணில் தண்ணீர் ஓட. "நிக்காம போயிருச்சு! என்னைய விட்டுட்டே போயிருச்சு!"

அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அவள் மெஸ்ஸுக்குத் திரும்பும்போது அங்கே ஏற்கெனவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆரிப் முதுகுவலியை மறந்து பாண்டித்துரையைக் கட்டிப் பிடித்திருந்தார். பாஸ்! இன்ஸ்பெக்டர் கை கொடுத்தாராம். 'இன்னிக்கு சீப் பாசஞ்சர் இல்லையா?' என்று கேட்டாராம். விஜயபாஸ்கர் ஒரு குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டு ஆடினான்.

நாகஜோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. "எப்பிடிங்க? எப்பிடி மனச அடக்குனீக? எனக்கே உயிர் போயிருச்சு."

"எதை அடக்குனேன்?"

"நான் நின்னேன்ல? பஸ் ஸ்டாப்புல? ரெண்டு பையோட?"

"நீயா? எங்க?"

"வேகத்தடைகிட்ட! கைக்கெட்டுற தூரத்துல!"

பாண்டித்துரை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "யாரோ ஆளுக நின்ன மாதிரி இருந்துச்சு. பாக்கலையே."

விஜயபாஸ்கர் குக்கர் மூடியைக் கீழே வைத்தான்.

"பாக்கலையா?"

"கவனிக்கல நாகு."

"ஓ மை காட்!" ஃபஸ்னா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு துள்ளினாள். "ஆன்ட்டி, இதுதான்! இதுதான் நான் சொன்னது! அவரு கஷ்டப்பட்டு அடக்கவே இல்ல. புது கனெக்‌ஷன் செட் ஆயிடுச்சு. அவர் ப்ரெயின் உங்கள அப்படியே ஸ்கிப் பண்ணிடுச்சு. பர்ஃபெக்ட்!"

"பர்ஃபெக்டா?" நாகஜோதி இடுப்பில் கை வைத்தாள். "ஏம்மா, ஒரு மாசம் வெயில்ல நின்னு, என்னையக் கண்டுக்காம போறதுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். கட்டுன பொண்டாட்டி தெருவுல நின்னா கண்ணுக்குத் தெரியல. இது பர்ஃபெக்டா?"

"நீதானடி சொன்ன, எனக்காக நிறுத்தாதீகன்னு!"

"நிறுத்தாதீகன்னேன். பாக்காதீகன்னா சொன்னேன்?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை விடவும் மனமில்லை. இரண்டும் ஒன்றாக வந்து குரலைக் குழப்பின. அவள் ஃபஸ்னா பக்கம் திரும்பினாள்.

"சரி, இத எப்பிடிச் சரி பண்றது? இவரு கண்ணுக்கு நான் மறுபடி தெரியணும். அதுக்கு என்ன பயிற்சி, சொல்லு."

ஃபஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பாக்கணும் ஆன்ட்டி. தினமும் பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. நிறைய நாள்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் நாகஜோதி. "அதுக்கென்ன, இங்கதான இருக்கப் போறாரு." சேலையைச் சரிசெய்துகொண்டு, மல்லித்தழைக் கட்டோடு, புருஷனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். "ம். ஆரம்பிங்க."

பாண்டித்துரை பார்த்தார். முதலில் கூச்சத்தோடு பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு கூச்சம் போய்விட்டது. அவள்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே," என்று ஆரிப் வேன் சாவியைக் காதருகே ஆட்டினார். "மிச்சத்த வந்து பாத்துக்கலாம். அல் குவைர்ல பசிக்க ஆரம்பிச்சிருப்பான். யல்லா!"